180 ஜிபி எஸ்க்யூஎல் சர்வர், கூடவே ஈஆர்பி: ஆபீஸ் ரூம்ல இருந்து கிளவுடுக்கு எப்படிக் கொண்டுபோறது?

கோவை_சர்வர்_ரூம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பம்ப் உதிரிபாகம் தயாரிக்கிற ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியோட சர்வரை கிளவுடுக்கு மாத்தணும். ஃபேக்டரியும் ஆபீஸும் கோவையில, குடோன் சென்னையில. ஈஆர்பி (ஸ்டோர்ஸ், கணக்கு, விற்பனை எல்லாம் ஓடுற கம்பெனி சாஃப்ட்வேர்) பயன்படுத்துறவங்க 45 பேர்.

இப்ப ஓடுறது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2, எஸ்க்யூஎல் சர்வர் 2014 ஸ்டாண்டர்ட் (மைக்ரோசாஃப்டோட டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்), 8 கோர், 32 ஜிபி ரேம். டேட்டாபேஸ் 180 ஜிபி. அதுல 110 ஜிபி பர்ச்சேஸ் பில் ஸ்கேன் பண்ணின பிடிஎஃப், ஃபைல்ஸ்ட்ரீம்ல (ஃபைலை டேட்டாபேஸோட பாகமா டிஸ்க்ல வைக்கிற வசதி) இருக்கு. ரிகவரி மாடல் சிம்பிள் (மாற்றங்களோட லாக்கை பேக்கப்புக்காகச் சேர்த்து வைக்காத முறை), ராத்திரி ஒரு ஃபுல் பேக்கப் மட்டும். ஈஆர்பி விபி டாட்நெட்ல எழுதின டெஸ்க்டாப் சாஃப்ட்வேர். ஒவ்வொரு பிசியிலயும் இன்ஸ்டால் ஆகியிருக்கு, நேரா டேட்டாபேஸோட பேசும். சோர்ஸ் கோட் இருக்கு, ஆனா பெரிசா மாத்தி எழுத ஆள் இல்ல. அதே சர்வர்லதான் 400 ஜிபி டிராயிங் ஃபைலும் டாலி டேட்டாவும். லைன் 50 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன், பேக்கப்புக்கு ஒரு ஃபைபர் பிராட்பேண்ட்.

டேட்டாபேஸை அமேசான் ஆர்டிஎஸ்ல (அவங்களே பராமரிக்கிற டேட்டாபேஸ் சேவை), மும்பை ரீஜியன்ல (டேட்டா சென்டர் பகுதி) வெச்சுட்டு, பிசியில கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கை (டேட்டாபேஸ் எங்க இருக்குன்னு சொல்ற வரி) மட்டும் மாத்தலாம்னு யோசனை. இது ஓடுமா? ஒரு ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியுமா?

லாக்_ஷிப்பிங் எழுதியது:

சார், இந்த டேட்டாபேஸ் ஆர்டிஎஸ்ல ஏறவே ஏறாது. அங்க ஃபைல்ஸ்ட்ரீம் கிடையாது. மைக்ரோசாஃப்ட் கிளவுடான அஸூரோட மேனேஜ்டு இன்ஸ்டன்ஸ்லயும் கிடையாது. ஸ்கேன் ஃபைலை எல்லாம் எஸ்3-க்கு (அமேசானோட ஃபைல் சேமிப்பு) மாத்தி, கோடையும் மாத்தினாத்தான் அந்த வழி திறக்கும். கோட் எழுத ஆள் இல்லைன்னு சொல்றீங்க. அதனால மெய்நிகர் மெஷின்ல எஸ்க்யூஎல் சர்வரை நீங்களே இன்ஸ்டால் பண்றதுதான் இப்போதைக்கு வழி.

ஃபைல்ஸ்ட்ரீம் இல்லாம இருந்தாலும் நான் இதையேதான் சொல்வேன், ஏன்னா இதைவிடப் பெரிய பிரச்சனை தூரம். பழைய டெஸ்க்டாப் ஈஆர்பி எல்லாம் ஒரு ஸ்கிரீனைத் திறக்க நூத்துக்கணக்குல சின்னச் சின்ன க்வெரி (டேட்டாபேஸ்கிட்ட கேக்குற கேள்வி) அனுப்பும், ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்தது போகும். உங்க சேல்ஸ் ஆர்டர் ஸ்கிரீன் 400 க்வெரி அனுப்புதுன்னு வைங்க. ஆபீஸ் நெட்வொர்க்ல ஒரு க்வெரி போய்வர அரை மில்லிசெகண்ட், மொத்தம் 0.2 செகண்ட். கோவையில இருந்து மும்பைக்கு 30 மில்லிசெகண்ட்னா அதே ஸ்கிரீன் திறக்க 12 செகண்ட். 50 எம்பிபிஎஸ்ஸை 500 ஆக்கினாலும் இந்த 12 செகண்ட் குறையாது, ஏன்னா காத்திருக்கிறது டேட்டா அளவுக்காக இல்ல, போய்வர்ற நேரத்துக்காக. உங்க கணக்கு எவ்வளவுன்னு எக்ஸ்டென்டட் ஈவென்ட்ஸ்ல (எஸ்க்யூஎல் சர்வரோட கண்காணிப்புக் கருவி) ஒரு யூசரோட செஷனை மட்டும் ஃபில்டர் பண்ணி எண்ணிப் பாருங்க. 10 நிமிஷ வேலை.

ஆக, டேட்டாபேஸும் ஈஆர்பியும் ஒரே ஜோன்ல (ரீஜியனுக்குள்ள ஒரு டேட்டா சென்டர் தொகுதி) பக்கத்துப் பக்கத்துல இருக்கணும். ஈஆர்பியை ரிமோட் டெஸ்க்டாப் சர்வர்ல (தூரத்துல ஓடுற சாஃப்ட்வேரோட திரையை மட்டும் பிசிக்கு அனுப்புற சர்வர்) இன்ஸ்டால் பண்ணி, 45 பேரும் அதுல நுழையட்டும். டாலியும் அதுக்குள்ளேயே. டாலி டேட்டா ஃபோல்டரை விபிஎன் (இன்டர்நெட் மேல ஒரு தனிப் பாதுகாப்புப் பாதை) வழியா ஷேர் பண்ணித் திறக்காதீங்க, லைன் நடுவுல அறுந்தா டேட்டா கெடும்.

சர்வர் சைஸ்: டேட்டாபேஸுக்கு அமேசானோட ஆர்6ஐ எக்ஸ்லார்ஜ் மெஷின் மாதிரி 4 விசிபியு (மெய்நிகர் சிபியு), 32 ஜிபி ரேம்ல ஆரம்பிங்க. 4 விசிபியுன்னா ஹைப்பர்த்ரெட் (ஒரு கோரை ரெண்டா எண்ணுற) கணக்குல 2 நிஜ கோர்தான், அதனால மாசக்கடைசி ரிப்போர்ட்டை ஓட்டிப் பார்த்துட்டு முடிவெடுங்க. எஸ்க்யூஎல் எடுத்துக்கிற ரேமோட உச்ச அளவான மேக்ஸ் சர்வர் மெமரியை 26 ஜிபிக்குக் கட்டிவைங்க. டி3 வகை மெஷின் வேண்டாம். அது சிபியு கிரெடிட்ல (சும்மா இருக்கும்போது சேர்ற சிபியு நேரம்) ஓடுறது, மாசக்கடைசியில கிரெடிட் தீர்ந்தா மெதுவாகும், இல்லாட்டி கூடுதல் பில் வரும். டிஸ்க் ஜிபி3 (gp3) வகை எடுத்தா, எவ்வளவு சின்னதா இருந்தாலும் 3000 ஐஓபிஎஸ் (ஒரு செகண்டுக்குப் படிக்கிற, எழுதுற எண்ணிக்கை), செகண்டுக்கு 125 எம்பி வேகம் அடிப்படையாவே கிடைக்கும். டேட்டா, லாக், டெம்ப்டிபி (தற்காலிக டேட்டா) மூணுக்கும் தனித்தனி டிஸ்க்.

இப்ப மாத்துற முறை. ஒரே நாள்ல ஃபுல் பேக்கப் எடுத்து ஏத்தி ரீஸ்டோர் பண்ண நினைக்காதீங்க. டேபிள் டேட்டா 70 ஜிபி கம்ப்ரெஸ் ஆகி 20 ஜிபிக்குள்ள வரலாம், ஆனா பிடிஎஃப் 110 ஜிபி அப்படியேதான் இருக்கும். ஆக 130 ஜிபி. 50 எம்பிபிஎஸ் முழுசாக் கிடைச்சாலே கிட்டத்தட்ட 6 மணி நேரம். ஆபீஸ் வேலைக்கு விட்டுட்டு 30 எம்பிபிஎஸ்னா 9 மணி நேரத்துக்கு மேல. அதனால லாக் ஷிப்பிங் பண்ணுங்க, அதாவது முதல்ல ஒரு ஃபுல் பேக்கப், அப்புறம் மாற்றங்கள் பதிவாகிற லாக்கை மட்டும் துண்டு துண்டா அனுப்புறது.

முதல்ல ரிகவரி மாடலை ஃபுல் ஆக்குங்க. ஆக்கின உடனே ஒரு ஃபுல் பேக்கப் எடுத்தாத்தான் லாக் செயின் (விட்டுப்போகாத லாக் பேக்கப் வரிசை) தொடங்கும், அதுவரைக்கும் அது சிம்பிள் மாதிரிதான் நடந்துக்கும். பேக்கப்பை கம்ப்ரெஷன், செக்சம் (ஃபைல் கெட்டிருக்கான்னு காட்டுற சோதனை எண்) ரெண்டும் போட்டு 8 ஃபைலாப் பிரிச்சு எடுங்க. ஏத்தும்போது ஒண்ணு தோத்தா அந்த ஒண்ணை மட்டும் திரும்ப அனுப்பினாப் போதும். புது இன்ஸ்டன்ஸ்ல ஃபைல்ஸ்ட்ரீமை எனேபிள் பண்ணிட்டு, நோரிகவரியோட (அடுத்த லாக்குக்காகக் காத்திருக்கிற நிலையில) ரீஸ்டோர் பண்ணுங்க. ஃபைல்ஸ்ட்ரீமை மறந்துட்டா ரீஸ்டோரே எரர் அடிக்கும். அப்புறம் 15 நிமிஷத்துக்கு ஒரு லாக் பேக்கப், அதை அங்க அனுப்பி, நோரிகவரியோடவே ரீஸ்டோர். அந்த வாரம் இண்டெக்ஸ் ரீபில்ட் ஜாபை (தேடல் அட்டவணையைத் திரும்பக் கட்டுற வேலை) நிறுத்திடுங்க. 70 ஜிபி டேபிளை ரீபில்ட் பண்ணினா அவ்வளவும் லாக்ல எழுதி, உங்க லைனை அடைச்சுடும். வேற பேக்கப் சாஃப்ட்வேர் ஏதாவது அதே டேட்டாபேஸ்ல லாக் பேக்கப் எடுக்குதான்னும் பாருங்க. அது ஒரு துண்டை எடுத்துட்டுப் போயிட்டா உங்க செயின் அங்கயே அறுந்துடும்.

மாத்துற அன்னிக்கு எல்லாரையும் வெளியேத்திட்டு, கடைசி டெயில் லாக் (மிச்சமிருக்கிற கடைசித் துண்டு) பேக்கப்பை நோரிகவரியோட எடுங்க. அப்ப பழைய டேட்டாபேஸ் ரீஸ்டோரிங் நிலைக்குப் போயிடும், யாரும் தவறிக்கூட அதுல எழுத முடியாது. அந்த ஒரு ஃபைலை அங்க ரிகவரியோட ரீஸ்டோர் பண்ணினா முடிஞ்சது. டேட்டாபேஸ் நிக்கிற நேரம் அரை மணிக்குள்ள அடங்கும். மிச்ச நேரம் முழுக்க சோதனைக்கு.

யூசர் டேட்டாபேஸோட கூட வராத சமாச்சாரம் நிறைய: லாகின், ஏஜென்ட் ஜாப் (நேரம் வெச்சு ஓடுற வேலை), லிங்க்டு சர்வர் (வேற சர்வரோட இணைப்பு), டேட்டாபேஸ் மெயில். லாகினை அதே எஸ்ஐடி (லாகினோட உள் அடையாள எண்), அதே பாஸ்வேர்டு ஹாஷோட ஸ்கிரிப்ட் எடுத்து ஏத்துங்க. புதுசா உருவாக்கினா டேட்டாபேஸ் யூசர் அநாதையா நிக்கும். சர்வர் கொலேஷன் (எழுத்தை ஒப்பிடுற, வரிசைப்படுத்துற விதி) பழையதைப் போலவே இருக்கணும், இல்லாட்டி டெம்ப் டேபிளோட ஜாயின் பண்ற புரொசீஜர் எல்லாம் கொலேஷன் எரர்ல விழும். இதை இன்ஸ்டால் பண்ணும்போதே சரியாத் தேர்ந்தெடுக்கணும். பின்னால மாத்துறது பெரும்பாடு.

ரவுட்டர்_பக்கம் எழுதியது:

மேல சொன்னது அத்தனையும் சரி. நெட்வொர்க் பக்கம் கொஞ்சம் சேர்க்கிறேன்.

1433 (எஸ்க்யூஎல்), 3389 (ரிமோட் டெஸ்க்டாப்) ரெண்டு போர்ட்டையும் இன்டர்நெட்டுக்குத் திறக்கவே கூடாது. "நம்ம ஆபீஸ் ஐபிக்கு மட்டும்" திறந்து தொடங்குறது, ஒரு நாள் வீட்டுல இருந்து வேலை செய்யணும்னு எல்லாருக்கும் திறந்துடும். ரான்சம்வேர் (டேட்டாவைப் பூட்டிப் பணம் கேக்குற வைரஸ்) நுழையுற வாசல் இதுதான். ஆபீஸுக்கு சைட் டு சைட் விபிஎன், வெளியில இருந்து வர்றவங்களுக்கு ரிமோட் டெஸ்க்டாப் கேட்வே 443 போர்ட்ல, அதுக்கு ரெண்டாம் கட்ட ஓடிபி.

விபிஎன் போடுறதுக்கு முன்னாடி சப்நெட்டை (ஒவ்வொரு இடத்தோட உள் ஐபி வரிசை) பாருங்க. கோவையும் 192.168.1.0, சென்னை குடோனும் 192.168.1.0-ன்னு இருந்தா ரெண்டையும் ஒரே கிளவுடோட இணைக்க முடியாது. குடோன்ல கம்ப்யூட்டர் கம்மியா இருக்கும், அதை 192.168.50.0 ஆக்கிடுங்க. கிளவுட் பக்கம் 10.20.0.0 மாதிரி யாரும் பயன்படுத்தாத ஒண்ணு.

ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்) ஒரு விபிஎன் இணைப்புக்கு 2 டனல் குடுக்கும். ரெண்டையும் ரவுட்டர்ல கட்டுங்க. அவங்க பராமரிப்புக்காக ஒண்ணை இறக்குவாங்க, ஒண்ணு மட்டும் கட்டியிருந்தா அந்த நேரம் ஆபீஸ் மொத்தமும் நின்னுபோகும். டிசிபி எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்ல போற டேட்டாவோட உச்ச அளவு) 1379 பைட்டுக்குக் குறைச்சு வைங்க. இதை விட்டுட்டா வர்ற அறிகுறி ரொம்பக் குழப்பும்: பிங் போகும், லாகின் ஆகும், அப்புறம் ஸ்கிரீன் கறுப்பா நிக்கும், பெரிய பிரிண்ட் பாதியில தொங்கும். பெரிய பாக்கெட் டனலுக்குள்ள நுழைய முடியாம விழறதுதான் காரணம்.

45 பேர் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு ஆளுக்கு 150 கேபிபிஎஸ் வெச்சாலும் 7 எம்பிபிஎஸ்தான். உங்க லைன் தாராளம்.

பிரிண்டர்தான் தலைவலி. இன்வாய்ஸ் டாட் மேட்ரிக்ஸ்ல, எல்பிடி1-க்கு (பிசியோட பழைய பிரிண்டர் போர்ட்) நேரா டெக்ஸ்ட் அனுப்புற மாதிரி இருந்தா ரிமோட் டெஸ்க்டாப்புல அது பெரும்பாலும் அப்படியே வேலை செய்யாது. ரிமோட் டெஸ்க்டாப்போட ஈஸி பிரிண்ட் வழியா அனுப்பினா படமா மாத்தி, எழுத்து மங்கலா, மெதுவா அடிக்கும். பிரிண்டருக்கு ஒரு நிலையான ஐபி குடுத்து, விபிஎன் வழியா அதோட சொந்த டிரைவர்லயே சர்வர்ல சேர்த்துடுங்க. பார்கோட் பிரிண்டருக்கும் இதேதான்.

டிராயிங் ஃபைல் 400 ஜிபியை நகர்த்தாதீங்க. டிராயிங் போடுற கேட் (CAD) சாஃப்ட்வேர் ஒரு அசெம்பிளியைத் திறக்க நூறு ஃபைலைத் தொடும், 30 மில்லிசெகண்ட் தூரத்துல இருந்து டிசைன்காரங்க திறக்கிறது கொடுமை. ஆபீஸ்லயே ஒரு நாஸ் (நெட்வொர்க்ல இணைஞ்ச ஸ்டோரேஜ் பெட்டி) வெச்சு, ராத்திரி எஸ்3-க்கு பேக்கப் போகட்டும்.

கோவை_சர்வர்_ரூம் எழுதியது:

ரொம்ப நன்றிங்க. எண்ணிப் பார்த்தேன், சேல்ஸ் ஆர்டர் ஸ்கிரீன் 612 க்வெரி போகுது. ஆர்டிஎஸ் யோசனையை விட்டாச்சு, ரிமோட் டெஸ்க்டாப் வழிதான். இன்னும் ரெண்டு கேள்வி. டேட்டாபேஸோட யார் யார் பேசுறாங்கன்னு முழுப் பட்டியல் எங்ககிட்ட இல்ல, அதை எப்படி எடுக்கிறது? இருக்கிற விண்டோஸ், எஸ்க்யூஎல் லைசென்ஸை அங்க கொண்டுபோக முடியுமா?

லாக்_ஷிப்பிங் எழுதியது:

முதல் கேள்விக்கு: செஷன்ஸ், கனெக்‌ஷன்ஸ் ரெண்டு டிஎம்வியையும் (சர்வரோட இப்போதைய நிலையைக் காட்டுற உள் டேபிள்) ஜாயின் பண்ணி, ஹோஸ்ட் பேர், புரோகிராம் பேர், லாகின், கிளையன்ட் ஐபி நாலையும் ஒரு டேபிள்ல 5 நிமிஷத்துக்கு ஒருதரம் சேமிக்கிற ஜாப் போடுங்க. குறைஞ்சது ஒரு மாசம் ஓடணும், மாசக்கடைசியும் ஜிஎஸ்டி தாக்கல் நாளும் அதுக்குள்ள வரணும். அப்பதான் அக்கவுன்ட்ஸ்ல ஒருத்தர் மட்டும் மாசத்துக்கு ஒருமுறை ரிஃப்ரெஷ் பண்ற எக்செல் ஓடிபிசி (எக்செலை டேட்டாபேஸோட இணைக்கிற வழி), கேட்ல இருக்கிற வெயிட் பிரிட்ஜ் பிசி, அட்டென்டன்ஸ் மெஷின் சாஃப்ட்வேர் எல்லாம் தலைகாட்டும். இந்த மூணும் பெரும்பாலும் பழைய சர்வர் ஐபியை நேரா எழுதி வெச்சிருக்கும். வெயிட் பிரிட்ஜும் அட்டென்டன்ஸும் ஃபேக்டரிக்குள்ளயே ஒரு சின்ன பிசியில இருந்து டேட்டாவை எடுத்து அனுப்பட்டும், லைன் போனாலும் கேட் நிக்கக் கூடாது. ஐபி எல்லாத்தையும் இப்பவே ஒரு டிஎன்எஸ் பேருக்கு (ஐபிக்குப் பதிலாப் பயன்படுற பேர்) மாத்திடுங்க. மாத்துறதுக்கு முந்தின நாள் டிடிஎல்லை (பிசிகள் அந்தப் பேரோட ஐபியை நினைவுல வைக்கிற நேரம்) 60 செகண்டாக்கினா, அன்னிக்கு ஒரு ரெக்கார்டை மட்டும் திருப்பினாப் போதும்.

இ-இன்வாய்ஸ், இ-வே பில் ஏபிஐ (அரசு போர்ட்டலோட பேசுற இணைப்பு) எந்த ஐபியில இருந்து போகுதுன்னு பாருங்க. ஐபி பதிவு பண்ணின இணைப்பா இருந்தா, கிளவுட்ல ஒரு நிலையான பொது ஐபி எடுத்து, முன்கூட்டியே பதிவுக்குக் குடுத்துடணும். பேங்க் இணைப்பு இருந்தா அதுக்கும். திங்கட்கிழமை காலையில முதல் லோடு வண்டி கேட்ல நிக்கும்போது இ-வே பில் வரலைன்னா, டேட்டாபேஸ் எவ்வளவு அழகா மாறியிருந்தும் புண்ணியமில்ல.

இப்ப ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும்: கடிகாரமும் தேதியும். ஏடபிள்யூஎஸ் தர்ற விண்டோஸ் மெஷின் யுடிசி (உலகப் பொது) நேரத்துல, அமெரிக்கத் தேதி வடிவத்துல வரும். நேர மண்டலத்தை இந்திய நேரமா மாத்தாட்டி, எஸ்க்யூஎல்ல இப்போதைய நேரம் சொல்ற கெட்டேட் அஞ்சரை மணி நேரம் பின்னால சொல்லும். நைட் ஷிஃப்ட்ல 12 மணியில இருந்து காலை 5.30 வரைக்கும் போடுற ஒவ்வொரு என்ட்ரியும் முந்தின நாள் தேதியில விழும். மாசம் பிறக்கிற ராத்திரின்னா இன்வாய்ஸ் போன மாசத்துக்குள்ள போயிடும்.

தேதி வடிவம் இதைவிட மோசம். விபி டாட்நெட் சாஃப்ட்வேர், சர்வரோட ரீஜினல் செட்டிங்கை நம்பித் தேதியைப் படிக்கும். 03/04-ன்னு ஏப்ரல் 3-ஐ அடிச்சா மார்ச் 4-ஆ சேமிக்கும், எரர் வராது. 13-ம் தேதியில இருந்துதான் எரரே வரும், ஏன்னா 13-ம் மாசம் கிடையாது. மாசத் தொடக்கத்துல மாத்தினா 12 நாள் சத்தமில்லாம டேட்டா கெடும். ஒவ்வொரு ரிமோட் டெஸ்க்டாப் யூசருக்கும் வடிவம் இந்திய ஆங்கிலமா இருக்கணும், டீஃபால்ட் யூசர் புரொஃபைல்லயே அதைப் பதிச்சுடுங்க. எஸ்க்யூஎல் லாகினோட டீஃபால்ட் லாங்குவேஜையும் ஒப்பிடுங்க. பழையதுல பிரிட்டிஷ்னு இருந்து புதுசுல யுஎஸ் இங்கிலீஷ்னு ஆயிட்டாலும் இதே கதிதான்.

வாடிக்கையாளர் பேர், முகவரி ஏதாவது பழைய தமிழ் ஃபான்ட்ல வார்சார் வகைப் பத்தியில (டேபிளோட காலம்) அடிச்சிருந்தா, பேக்கப், ரீஸ்டோர்ல பைட் மாறாது, பத்திரமா வரும். அந்த ஃபான்ட்டை ரிமோட் டெஸ்க்டாப் சர்வர்லயும் போட மறக்காதீங்க. ஸ்கிரிப்டா எக்ஸ்போர்ட் பண்ணி ஏத்துற வழியில போனீங்கன்னா, கோட் பேஜ் (எந்த எண்ணுக்கு எந்த எழுத்துங்கிற பட்டியல்) மாறி அது கேள்விக்குறியா ஆயிடும், திரும்பக் கிடைக்காது.

லைசென்ஸ்_கணக்கு எழுதியது:

ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன். சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் (மைக்ரோசாஃப்டோட பராமரிப்பு ஒப்பந்தம்) இல்லாம வாங்கின எஸ்க்யூஎல் லைசென்ஸை ஏடபிள்யூஎஸ்ஸோட பொதுவான மெஷின்ல போட முடியாது. விண்டோஸ் சர்வர் லைசென்ஸை அஷ்யூரன்ஸ் இருந்தாலும் அங்க கொண்டுபோக முடியாது. மணிக்கணக்கு வாடகையில லைசென்ஸோட சேர்ந்த மெஷினைத்தான் எடுக்கணும். எஸ்க்யூஎல் ஸ்டாண்டர்டுக்கு மெஷினுக்குக் குறைஞ்சது 4 கோர் லைசென்ஸ் கணக்கு, 2 விசிபியு எடுத்தாலும் 4-க்குத்தான் காசு. பில்லுல பெரிய பங்கு இதுக்குத்தான் போகும், மெஷினுக்கு இல்ல.

ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 45 பேருக்கும் தனியா கேல் (ஆளுக்கான அனுமதி லைசென்ஸ்) வேணும். முதல் 120 நாள் கேல் இல்லாமலே ஓடும். அதை நம்பி விட்டுட்டா 121-ம் நாள் காலையில ஒருத்தரும் நுழைய முடியாது. பட்ஜெட்ல இப்பவே போடுங்க.

மாச பில்லுல கண்ணுல படாம ஏறுறது: மெஷினை நிறுத்தினாலும் டிஸ்க்குக்கு வாடகை ஓடும். ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கோட நகல்) சேர்ந்துகிட்டே போகும். நாட் கேட்வே (உள் மெஷின்கள் இன்டர்நெட்டுக்குப் போற வழி) மணிக்கணக்குலயும் ஜிபி கணக்குலயும் ரெண்டு பக்கமும் வாங்கும். பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொண்ணுக்கும் 2024 பிப்ரவரியில இருந்து மணிக்கு 0.005 டாலர். டேட்டா உள்ள போக இலவசம், வெளிய வர மாசம் 100 ஜிபிக்கு மேல காசு. ரிமோட் டெஸ்க்டாப் மெஷினைக் காலை 8-ல இருந்து ராத்திரி 8 வரை, வாரம் 6 நாள் மட்டும் ஓட்டினா 168 மணியில 72 மணிதான் வாடகை. நைட் ஷிஃப்டுக்கு ஒரு சின்ன மெஷினை மட்டும் விட்டுவைங்க.

சட்டம் பக்கம்: கம்பெனி கணக்குப் புத்தகத்தோட பேக்கப் இந்தியாவுக்குள்ள இருக்கிற சர்வர்ல தினமும் இருக்கணும்னு 2022-ல விதி திருத்தினாங்க. மும்பை, ஹைதராபாத் ரீஜியன்ல வெச்சா சரி. காசு கம்மின்னு பேக்கப்பை சிங்கப்பூருக்கு மட்டும் அனுப்பக் கூடாது. இந்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னோட 2022 உத்தரவுப்படி சிஸ்டம் லாக்கை 180 நாள் வைக்கணும், சைபர் சம்பவம் தெரிஞ்சா 6 மணி நேரத்துல சொல்லணும்.

இன்னொரு கருத்து. நான் உங்க இடத்துல அஸூரையும் விலை கேட்பேன். எஸ்க்யூஎல் 2014-க்கு ஆதரவு 2024 ஜூலை 9-ல முடிஞ்சுது. அஸூர் மெஷின்ல ஓட்டினா நீட்டிப்பு பாதுகாப்பு அப்டேட் இலவசம். அதே 2014-ஐ அப்படியே கொண்டுபோய் வெச்சுட்டு, வெர்ஷன் மாத்துறதைப் பிறகு பண்ணலாம். ஒரே நேரத்துல ரெண்டு மாற்றம் வேண்டாமே.

லாக்_ஷிப்பிங் எழுதியது:

அதுல ஒரு நியாயம் இருக்கு. அதே வெர்ஷன்னா திரும்பி வர வழி உண்டு. எஸ்க்யூஎல் 2022 வெர்ஷன்ல ரீஸ்டோர் பண்ணின டேட்டாபேஸை எந்தப் பேக்கப் வழியாவும் 2014-க்கு இறக்க முடியாது. ஆனா 45 பேரை ரெண்டு தடவை நிறுத்தி, ரெண்டு தடவை சோதிச்சு, அந்த இலவச அப்டேட்டும் 2027 ஜூலையோட முடியும்போது அவசரத்துல மாத்தணும். இங்க கோட் பெரிசா மாறல, அதனால நேரா 2022-க்குப் போகச் சொல்றேன். கம்பேட்டிபிலிட்டி லெவலை (எந்த வெர்ஷன் மாதிரி நடந்துக்கணும்ங்கிற செட்டிங்) மட்டும் 2014-ஓட 120-லயே விட்டுடுங்க, க்வெரி பிளான் (க்வெரியை ஓட்டுற வழி) கிட்டத்தட்ட பழைய மாதிரியே வரும். ரீஸ்டோர் முடிஞ்சதும் செக்டிபி (டேட்டாபேஸ் கெட்டிருக்கான்னு சோதனை), ஃபுல் ஸ்கேனோட ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அப்டேட், க்வெரி ஸ்டோர் (பிளான்களோட வரலாறு) ஆன். ஒரு மாசக்கடைசி தாண்டினதும் 2022-ஓட 160-க்கு ஏத்துங்க. ஏதாவது ரிப்போர்ட் மெதுவானா க்வெரி ஸ்டோர்ல பழைய பிளானைக் கட்டாயப்படுத்தலாம்.

திரும்பி வர்ற முடிவை ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள எடுத்துடணும். 20-ம் தேதி ஜிஎஸ்டிஆர் 3பி (மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன்) முடிஞ்சு, மாசக்கடைசிக்கு முன்னால வர்ற வாரக்கடைசியைத் தேர்ந்தெடுங்க. சனி ராத்திரி டெயில் லாக். ஞாயிறு காலையில ஸ்டோர்ஸ், அக்கவுன்ட்ஸ், டிஸ்பாட்ச் மூணுல இருந்தும் ஒருத்தரை உக்கார வெச்சு, ஒரு ஜிஆர்என் (சரக்கு வரவு ரசீது), ஒரு இன்வாய்ஸ், ஒரு இ-வே பில், ஒரு பேமென்ட் போட்டு, பிரிண்ட் எடுத்து, தேதியைப் பார்க்கச் சொல்லுங்க. ஸ்டாக் மதிப்பு, டெப்டர் (பணம் தரவேண்டியவங்க) பேலன்ஸ், கடைசி இன்வாய்ஸ் நம்பர் மூணும் பழையதோட பைசா பிசகாம ஒத்துவரணும். பழையதோட எண்களை டெயில் லாக்குக்கு முன்னாடியே எழுதி வெச்சுக்குங்க, அப்புறம் அந்த டேட்டாபேஸைத் திறக்க முடியாது. சாயங்காலம் 5 மணிக்கு ஏதாவது ஒண்ணு தப்பா இருந்தா, பழைய சர்வர்ல ரிகவரி குடுத்து, டிஎன்எஸ்ஸைத் திருப்பிடுங்க. திங்கள் காலையில முதல் நிஜ என்ட்ரி விழுந்ததும் அந்த வழி அடைஞ்சுடும், அப்புறம் எது வந்தாலும் அங்கயே சரிபண்ண வேண்டியதுதான்.

புது சர்வர்லயும் 15 நிமிஷ லாக் பேக்கப் தொடரணும். அது வேற ஏடபிள்யூஎஸ் கணக்குல இருக்கிற எஸ்3 பக்கெட்டுக்கு, ஆப்ஜெக்ட் லாக் (ஃபைலை அழிக்க விடாத பூட்டு) கம்ப்ளையன்ஸ் மோடுல போட்டுப் போகட்டும். அட்மின் பாஸ்வேர்டே திருடு போனாலும் குறிச்ச காலம் முடியுற வரை அந்த ஃபைலை அழிக்க முடியாது. மாசத்துக்கு ஒரு தடவை அதுல இருந்து ஒரு காலி மெஷின்ல ரீஸ்டோர் பண்ணிப் பாருங்க. பழைய சர்வரோட கடைசி ஃபுல் பேக்கப்பையும் அங்கயே போட்டு வைங்க. கணக்குப் புத்தகத்தை 8 நிதியாண்டு வைக்கணும், அந்த இரும்புப் பெட்டி அவ்வளவு நாள் தாங்காது.